குழந்தைக்கு முதல் பேஸ் கிட்டார்: கையளவு பார்த்து வாங்குங்கள்

என் அக்கா மகனுக்கு எட்டரை வயதில் பேஸ் கிட்டார் மேல் ஆசை வந்தது. சர்ச்சில் நான் வாசிக்கும்போது முதல் வரிசையில் உட்கார்ந்து என் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பிறந்தநாளுக்கு அக்காவும் அத்தானும் ஒரு கடைக்குப் போய் முழு அளவு பேஸ் ஒன்றை வாங்கி வந்தார்கள். "வளர்ற பையன் சார், பெரிசாவே எடுத்துடுங்க" என்று கடைக்காரர் சொன்னாராம். அப்போது நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால், பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். கிட்டாரின் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சரிகிறது. இடது முன்கையால் அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே, அதே கையின் விரலால் முதல் ஃபிரெட்டை, அதாவது வீணையின் மெட்டு மாதிரிக் கழுத்தில் இருக்கும் கம்பியை, எட்டப் பார்க்கிறான். இரண்டு மாதத்தில் கிட்டார் உறைக்குள் போய் பீரோ மேல் ஏறிவிட்டது. ஏன் என்று கேட்டால், "எனக்கு வரல மாமா" என்றான்.

அந்த வார்த்தை எனக்கு இன்னும் வலிக்கிறது. அவனுக்கு நல்ல காது, நல்ல தாளம். அவன் கைக்குச் சேராத ஒன்றைக் கொடுத்துவிட்டு, குறை தன்னிடம்தான் என்று அவனை நம்ப வைத்துவிட்டோம். பள்ளிச் சீருடையை இரண்டு சைஸ் பெரிதாக வாங்கலாம், மடித்துத் தைத்துக்கொள்ளலாம். பேஸ் கிட்டாரை மடிக்க முடியாது. இதை எழுதக் காரணம் அதுதான்.

முதலில்: ஆசை பேஸ் மேல்தானா?

"முதல்ல கிட்டார் கத்துக்கட்டும், அப்புறம் பேஸுக்கு மாறிக்கலாம்" என்று பலர் சொல்வார்கள். இதற்கு அவசியமே இல்லை. சாதாரணக் கிட்டாரில் ஆறு தந்தி, பேஸில் நான்கு. ஸ்ருதி இ, ஏ, டி, ஜி. கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளுக்கும் இதே ஸ்வரங்கள்தான், பேஸில் அவை ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். கிட்டாரில் ஆரம்பிக்கும் பிள்ளைக்கு முதல் நாளே மூன்று நான்கு தந்திகளைச் சேர்த்து அழுத்தும் கார்டுகள் வரும். பேஸில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் போதும். அந்த வகையில் தொடக்கம் இதில்தான் எளிது. சிரமம் எல்லாம் அளவிலும் எடையிலும்தான்.

ஆசை உண்மையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நல்ல ஹெட்ஃபோனில் இளையராஜாவின் எண்பதுகளின் பாடல் ஒன்றைப் போடுங்கள். அவர் பாடல்களில் பேஸ் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகும். "பாட்டை விட்டுட்டு, கீழே ஒண்ணு நடந்து போகுது பார், அதை முனகு" என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகு அந்த வரியைப் பிடித்து முனகுகிற பிள்ளைக்கு பேஸ் ஏற்கனவே காதில் ஏறிவிட்டது. ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள். பேஸின் மிகத் தாழ்ந்த இ தந்தியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் அது காதின் குற்றமாகாது.

அடுத்து: கையை அளந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பதிந்து போகும் சிறு பட்டைக்கு நட் என்று பெயர். அங்கிருந்து, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை உள்ள தந்தியின் நீளம்தான் ஸ்கேல் நீளம். லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸுக்கு இது 34 அங்குலம். அன்றிலிருந்து அதுவே முழு அளவு என்று ஆகிவிட்டது. அது பெரியவர்களின் கைக்காக வைத்த அளவு. ஷார்ட் ஸ்கேல் என்பது 30 அங்குலம். மினி என்று விற்பவை பெரும்பாலும் 28.6 அங்குலம். நடுவில் 32 அங்குலமும் உண்டு, கடைகளில் அரிதாகத்தான் கிடைக்கும்.

ஸ்கேல் நீளம் கூடினால் ஃபிரெட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் கூடும். முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காவது ஃபிரெட் வரை முழு அளவில் 13 சென்டிமீட்டர், ஷார்ட் ஸ்கேலில் சுமார் 11.5, மினியில் 11. ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் எட்டிப் பிடிக்கவேண்டிய தூரம் இது.

வீட்டிலேயே சோதிக்கலாம். பள்ளிக்குக் கொண்டுபோகும் 30 சென்டிமீட்டர் மர ஸ்கேலை எடுத்து, ஒரு முனையில் ஒரு கோடும் அதிலிருந்து 11, 11.5, 13 சென்டிமீட்டரில் மூன்று கோடுகளும் பென்சிலால் போடுங்கள். பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, இடது கையைப் பக்கவாட்டில் முன்புறமாக நீட்டி, கட்டைவிரல் ஸ்கேலுக்குப் பின்னால் இருக்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரல் முதல் கோட்டில். சுண்டுவிரல் எதுவரை போகிறது? மணிக்கட்டு மடங்காமல், தோள் ஏறாமல் எட்டுவதுதான் கணக்கு. இழுத்துப் பிடித்து எட்டிவிட்டு "எட்டிடுச்சு!" என்று சிரிப்பார்கள், அதை எண்ணாதீர்கள். ஐந்து வினாடி அப்படியே வைத்திருக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

பத்து வயதுக்குக் கீழே 13ஐ எட்டும் பிள்ளைகள் குறைவு. 11 கூடப் பலருக்கு எட்டாது. பயப்படவேண்டாம். டபுள் பேஸ் வாசிப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் ஒரு முறை இருக்கிறது: ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து ஒரே விரலாக. நான்கு ஃபிரெட்டுக்குப் பதில் மூன்றைத்தான் ஒரே பிடியில் பிடிப்பார்கள். அப்போது எட்டவேண்டிய தூரம் மினியில் 7.5 சென்டிமீட்டர், முழு அளவில் 9. தனியாக அழுத்த வலுவில்லாத சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரலின் துணையும் கிடைக்கிறது. சொல்லிக்கொடுக்கப் போகும் ஆசிரியரிடம் இந்த முறையில் ஆரம்பிப்பாரா என்று கேளுங்கள். "நாலு விரலையும் நாலு ஃபிரெட்ல வெச்சே ஆகணும்" என்று எட்டு வயதுப் பிள்ளையை அடம்பிடித்துப் பழக்குபவர் என்றால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். மினிக்கும் ஷார்ட் ஸ்கேலுக்கும் விரல் தூரத்தில் வெறும் அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். இந்த இரண்டில் ஒன்றை முடிவு செய்ய விரலைப் பார்க்கவேண்டியதில்லை, கை நீளத்தையும் உடம்பையும் பாருங்கள். மடியில் வைத்து முதல் ஃபிரெட்டைத் தொடும்போது இடது முழங்கை கொஞ்சமாவது மடங்கியிருக்கவேண்டும். முழுக் கையும் நீண்டு விறைத்துப் போனால் அந்தக் கிட்டார் பெரியது.

தோராயமாக எட்டு முதல் பத்து வயதுக்கு மினி, பத்து முதல் பதின்மூன்றுக்கு ஷார்ட் ஸ்கேல், அதற்கு மேல் கை எட்டினால் முழு அளவு என்பேன். வயதைவிடக் கைதான் முக்கியம். ஆறேழு வயதென்றால் யூகுலேலே பேஸ் என்று ஒன்று உண்டு. காலா நிறுவனத்தின் யூ-பேஸ் தெரிந்த பெயர். ஸ்கேல் நீளம் 21 அங்குலம்கூட இல்லை. ரப்பர் மாதிரி மெத்தென்ற தந்தி, ஆனால் ஸ்ருதி உண்மையான பேஸ் ஸ்ருதி. விரல் வலிக்காது.

தந்தியின் இறுக்கமும் தோளின் பாரமும்

சின்ன பேஸால் வேறொரு நன்மையும் உண்டு. ஒரே தடிமன் தந்தியை ஒரே ஸ்ருதியில் கட்டினால், 34 அங்குலத்தைவிட 30 அங்குலத்தில் இழுவிசை ஏறக்குறைய 22 சதவீதம் குறையும். 28.6 அங்குலத்தில் 29 சதவீதம். பிஞ்சு விரலுக்கு இது பெரிய நிம்மதி.

அதற்கு ஒரு விலையும் உண்டு. மினியில் இ தந்தி கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். அழுத்திப் பிடித்தால் ஸ்ருதி மேலே ஏறும், ஓங்கித் தட்டினால் ஃபிரெட்டில் மோதிக் கடகடக்கும். பிள்ளைக்கு வலிக்காமல் இருக்கட்டும் என்று ஆக மெல்லிய தந்தி செட்டை மினியில் போட்டுவிடாதீர்கள், தொளதொளப்பு இன்னும் கூடும்.

எடைக்கு வருவோம். மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை, பை எடை மாணவரின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. முழு அளவு பேஸ் பெரும்பாலும் நான்கு கிலோவை ஒட்டி வரும், அதுவும் ஒரே தோளில். நீளமோ 115 சென்டிமீட்டருக்கு மேல், அந்தப் பிள்ளையின் உயரத்துக்குப் பக்கத்தில். மினி ஒரு மீட்டரை ஒட்டி, மூன்று கிலோ அளவில் இருக்கும். மினியே ஆனாலும் முதல் சில மாதங்கள் உட்கார்ந்துதான் வாசிக்கவேண்டும். உட்காரும்போதும் ஸ்ட்ராப்பைக் கழற்றவேண்டாம். மூன்று அங்குல அகலத்தில், உள்பக்கம் சொரசொரப்பான ஸ்ட்ராப் வாங்குங்கள். வழுவழு நைலான் ஸ்ட்ராப் தோளில் வழுக்கும், தலைப்பக்கம் கீழே போகும், இடது கை மறுபடியும் முட்டுக் கொடுக்கும் வேலைக்குப் போய்விடும்.

எந்த மாடல்?

மினியில் ஐபனேஸ் மைக்ரோவும் ஸ்குவையர் மினி பிரெசிஷனும் நான் நம்பிச் சொல்பவை, இரண்டும் 28.6 அங்குலம். 30 அங்குலத்தில் ஸ்குவையர் பிராங்கோ, ஐபனேஸ் டால்மன் டிஎம்பி30, 30.3 அங்குல கிரெட்ஷ் ஜூனியர் ஜெட். முழு அளவுக்கு வளர்ந்த பிள்ளைக்கு யமஹா டிஆர்பிஎக்ஸ் வரிசையும் கோர்ட் ஆக்‌ஷன் வரிசையும் கொடுக்கிற காசுக்கு நியாயமானவை.

ஷார்ட் ஸ்கேல் என்றால் பொம்மை என்று நினைக்கவேண்டாம். பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் வாங்கிய வயலின் வடிவ ஹாஃப்னர் 30 அங்குலம்தான். அவர் இடது கைக்காரர், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் அந்த உருவம் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பதும் அவருக்குப் பிடித்துப்போனது. உங்கள் பிள்ளையும் இடது கைக்காரர் என்றால், கையில் எதுவும் கொடுக்காமல் பேஸ் வாசிக்கிற மாதிரி நடிக்கச் சொல்லுங்கள். வலது கையால் தட்டுகிற மாதிரி நடித்தால் சாதாரண பேஸே போதும். திருப்பி நடித்தால் இடது கை மாடலைத் தேடுங்கள், கட்டாயப்படுத்தி மாற்றவேண்டாம். சின்ன அளவில் இடது கை பேஸ் கிடைப்பது கஷ்டம், காத்திருக்க நேரும்.

ஐந்து தந்தி வேண்டாம், கழுத்து அகலமாகிவிடும். ஃபிரெட் இல்லாத பேஸும் இப்போதைக்கு வேண்டாம். ஒன்பது வோல்ட் பேட்டரி போடும் ஆக்டிவ் வகையும் வேண்டாம். வயரைச் சொருகி அப்படியே விட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், வயரைப் பிடுங்கி வைக்க எந்தப் பிள்ளை நினைவில் வைத்திருக்கும்? கழுத்து ஒல்லியாக இருப்பது நல்லது. நட் அருகே 38 மில்லிமீட்டர் அகலம் சின்னக் கைக்கு வசதி, 44 மில்லிமீட்டர் ரொம்ப அகலம்.

கடையில்

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆச்சரியப்பரிசாக வாங்கினால் நீங்கள் மகிழ்வீர்கள், கை அளவு தெரியாது. சென்னையில் இருந்தால் அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கல் மாதிரி பல மாடல்களைப் பார்க்க முடிகிற இடத்துக்குப் போகலாம். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் ஃபோன் செய்து, ஷார்ட் ஸ்கேல் பேஸ் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மடியில் வைத்து, ஸ்ட்ராப் போட்டு, இரண்டு கையையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கிட்டார் தானாக நிற்கவேண்டும். தலைப்பக்கம் விழுந்தால் அடுத்ததைப் பாருங்கள். அப்புறம் ஜி தந்தியை முதல் ஃபிரெட்டில் அழுத்தி ஒரு ஸ்வரம். பிறகு இ தந்தி, அதே இடத்தில். முகத்தைக் கவனியுங்கள். உதட்டைக் கடித்தால், மூச்சைப் பிடித்தால், பதில் கிடைத்துவிட்டது. என் அக்கா மகனை இரண்டாம் முறை நான் கூட்டிப்போனபோது மினி ஒன்றை மடியில் வைத்து இ தந்தியைத் தட்டினான். அதிர்வு வயிற்றில் பட்டது போல. குனிந்து கிட்டாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் தட்டினான். கடையைவிட்டுக் கிளம்பும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

பிறகு உங்கள் வேலை. ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்காவது கடகடப்போ ஒலி செத்துப்போவதோ இருக்கக் கூடாது. கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டுங்கள், ஃபிரெட் கம்பியின் முனை குத்தக் கூடாது. சின்னக் கையைக் கீறிவிடும். வால்யூம் குமிழைத் திருப்பும்போதும் வயர் சொருகும் ஜாக்கை அசைக்கும்போதும் கரகரப்பு வரக் கூடாது.

பழையது வாங்குவதானால் இதெல்லாம் இரு மடங்கு கவனமாக. கூடவே தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை ஒரு கண்ணால் நீளமாகப் பாருங்கள். லேசான வளைவு சரிசெய்யக்கூடியது. கயிறு மாதிரி முறுக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். கழுத்துக்குள் ஓடி வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்பதைத் தெரிந்தவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

செட்டப்பை விட்டுவிடாதீர்கள்

புதிதாக வரும் பேஸில் தந்திகள் பல நேரம் ஃபிரெட்டிலிருந்து மிக உயரத்தில் இருக்கும். இதைத்தான் ஆக்‌ஷன் என்பார்கள். நல்ல அளவு பேஸ் வாங்கியும் பிள்ளைக்கு விரல் வலித்தால் பெரும்பாலும் காரணம் இதுவே. பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே இ தந்தி இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் நல்லது. நட்டில் தந்தி பதியும் பள்ளம் சரியான ஆழத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் முதலில் வாசிப்பது அந்தப் பக்கத்தில்தான், அங்கே உயரம் இருந்தால் அழுத்தவே முடியாது. கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் ஒரு நாள் வேலை. வாங்கும் காசைப் பத்துப் பங்காகப் பிரித்தால், ஆறு பங்கு கிட்டாருக்கு, மூன்று பங்கு ஆம்புக்கு (ஒலிபெருக்கிக்கு), மீதி ஒன்று ஸ்ட்ராப், வயர், ட்யூனர், செட்டப் எல்லாவற்றுக்கும் என்பது என் கணக்கு.

தந்தி மாற்றும்போது பாக்கெட்டில் ஷார்ட் ஸ்கேல் என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். முழு அளவுக்கான தந்தியை வெட்டிப் போட்டால், தடித்த பகுதியே ட்யூனிங் கீயைச் சுற்றவேண்டிவரும். அங்கே முறிந்து, சுற்றுப் பிரிந்து, ஸ்ருதி நிற்காது. சொரசொரப்பில்லாத ஃபிளாட்வவுண்ட் தந்தி விரலுக்கு இதம், ஒலியும் உருண்டையாக இருக்கும். விலை கூடுதல், ஆனால் நெடுநாள் வரும்.

ஒலி

ஆம்ப் இல்லாமல் பேஸ் வாங்கிக் கொடுப்பது சைக்கிளைச் செயின் இல்லாமல் கொடுப்பது போல. வெறும் தந்திச் சத்தத்தில் எந்தப் பிள்ளையும் பத்து நாள் தாண்டாது. வீட்டுக்கு 15 முதல் 25 வாட் பேஸ் ஆம்ப், எட்டு அங்குல ஸ்பீக்கர் போதும். ஹெட்ஃபோன் துளையும், பாட்டோடு சேர்ந்து வாசிக்க ஃபோனை இணைக்கும் துளையும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஏற்கனவே கிட்டார் ஆம்ப் இருந்தால் மெல்லிய சத்தத்தில் சமாளிக்கலாம், கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நேராக ஜாக்கில் சொருகும் ஹெட்ஃபோன் ஆம்பே நல்லது. தாழ்ந்த ஒலி சுவரையும் தரையையும் தாண்டிக் கீழ்வீட்டுக்குப் போய்விடும்.

ஆம்பை மூன்று முள் ப்ளக்கில்தான் சொருகவேண்டும், அந்தப் பாயின்ட்டில் எர்த் இருக்கவேண்டும். தந்தியைத் தொட்டதும் விரலில் சுறுசுறுவென்று பட்டால் உடனே நிறுத்தி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரு நாளில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு வேளை. ஒரு மணி நேரம் ஒரேயடியாக வேண்டாம். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, கட்டைவிரல் தந்திகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் மேல் ஓய்வாக. விரல் நுனி சிவந்தால் பரவாயில்லை. மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், அடுத்த நாள் உட்காரும் விதத்தைப் பாருங்கள். ஃபோனில் இருக்கும் ட்யூனர் சில சமயம் இ தந்தியைப் பிடிக்காமல் தடுமாறும். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டபடி தட்டினால் ஒரு ஸ்தாயி மேலே மணி போல ஒலிக்கும், அதைக் காட்டினால் பிடித்துக்கொள்ளும்.

கடலோர ஊர்களில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைக்கப் பழக்குங்கள், உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விடாதீர்கள், கழுத்து வளைந்துவிடும். கிட்டாரை உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டுவதைவிடக் கூடத்தில் ஒரு ஸ்டாண்டில் நிற்க விடலாம். கண்ணில் பட்டால் கை தானாகப் போகும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மட்டும் சுவரில் மாட்டுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த மர ஸ்கேலை மறுபடி எடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் 13 சென்டிமீட்டர் கோட்டில் சிரமமில்லாமல் நின்று, முழு அளவு பேஸை மடியில் வைத்தபோது முழங்கையும் மடங்கினால், மாற்றலாமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். ஷார்ட் ஸ்கேலே பிடித்திருக்கிறது என்றால் அப்படியே இருக்கட்டும். மாற்றுவதென்று முடிவானால் சின்னதை விற்க அவசரப்படவேண்டாம். புதுத் தந்தி போட்டு, சர்ச்சிலோ வகுப்பிலோ முதல் வரிசையில் உட்கார்ந்து பெரியவர்களின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்த பிள்ளையின் மடியில் ஒரு முறை வைத்துப் பாருங்கள்.